சுங்கை செம்பிலாங்கில் கனநீர்

மலேசியக் கடலோரப் படகுத்துறைக் கடையில் பிலோமினா வாழைப்பழம் பொரிக்கிறார். வேலைபார்த்த தோட்டம் விற்கப்பட்டதும் தொழிலாளர் லயத்தைக் காலிசெய்து இங்கே வந்தவர். தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகின்றன.

“கரியெல்லாம் வெளிநாட்டுக் கப்பல்ல வருது லா” என்கிறார்.

எனக்குப் பெருமை பொங்குகிறது. இங்கே சுற்றிப்பார்க்க வந்திருக்கும் நான், தமிழ்நாட்டுக் கடற்கரை அணு உலையொன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவன்.

“எங்க உலையக் குளிர வைக்கிற கனநீரைக்கூட நாட்டுக்குள்ளயே தயாரிச்சோம்மா. அவ்வளவு ஒசத்தி. ஆவியா கசிஞ்சாலும் காத்துலேருந்து பிடிச்சிருவோம்.”

கதிர்வீச்சைப் பற்றித்தான் கேட்பார் என்று பதிலோடு காத்திருக்கிறேன். அவர் கரண்டியை வடித்து வைக்கிறார்.

“அந்த ஒல கட்டுன எடத்துல முன்ன குடியிருந்தவங்க இப்ப எங்கண்ணே இருக்காங்க?”

ஒரு சொட்டுக் கனநீரையும் தப்பவிடாத நான், அதை ஒருநாளும் விசாரித்ததில்லை.