வேலி வாசலில் வெல்ல இறைச்சி

மலாக்காவின் சில பகுதிகளில் வெள்ளைக்கார அரசு அவசரகாலக் கட்டுப்பாடுகளை நீக்கியது 1953இல். நான் சொல்வது அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு என்பது மட்டும் உறுதி. எதற்கும் தேதி குறித்துவைக்கும் நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதப் பயம்.

மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் எங்கள் சந்து வீடுகள் சேர்ந்து ஒரு தோட்டத்தைத் தாங்கிவந்தன. ஊருக்கு வெளியே, அரசு சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமத்தில் இருந்தது அது. கீரைப் பாத்திகள், ஒரு பன்றிக் கொட்டில். காய்கறியை அவர்களிடமே வாங்குவோம். வீடுகளில் சேரும் கழுநீரை ஞாயிறுதோறும் நான் சைக்கிளில் கொண்டுபோய்ப் பன்றிகளுக்கு ஊற்றுவேன். இறைச்சி தின்னாத வீடுகளும் கழுநீர் தந்தன. பன்றி வெட்டும்போது தின்னும் வீடுகளுக்கு ஒரு பங்கு வரும்.

அந்த முறை எங்களுக்கு வந்தது வயிற்றுப் பக்கத்துக் கறி. ஐஸ் பெட்டி இல்லாத வீடு. மனைவி அதை மெல்லிசாகச் சீவி, உப்பு, மிளகு, அன்னாசிப்பூவோடு தென்னை வெல்லப் பாகில் ஊறவைத்தாள். மூங்கில் தட்டில் வெயிலில் காயப்போட்டு, பிறகு கரிநெருப்பில் வாட்டினாள். விளிம்பு கருகி, நடு கண்ணாடிபோல் மினுங்கியது. தோட்டத்தை நடத்திய சீன அம்மாள் சொல்லிக்கொடுத்த பக்குவம்.

அப்படிச் செய்த இறைச்சி பல நாள் கெடாது. ஆபத்தும் அதுதான். காட்டிலிருந்து வெள்ளைக்காரனை எதிர்த்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, அனுமதியில்லாமல் ஒரு பிடி அரிசிகூட அந்த வேலியைத் தாண்டக்கூடாது. பிடிபட்டால் சிறை.

இறைச்சி வந்த தூக்குச்சட்டியை அன்று திருப்பித் தரவேண்டும். மனைவி அதைச் சைக்கிளின் பின்னால் வாளிகளோடு கட்டினாள்.

"சட்டிய மறக்காம குடுத்துருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். காலி என்று நினைத்துக்கொண்டேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

புதுக்கிராமத்து வேலி வாசலில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எஸ்டேட் தமிழர், என்னைவிட இளையவர். கழுநீரைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். பிறகு சட்டியைத் திறந்தார்.

"என்னாண்ணே இது?"

எட்டிப் பார்த்தேன். அடுக்கடுக்காகச் சிவப்புத் துண்டுகள்.

"வீட்டுல... வெறுஞ்சட்டி குடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கா போல."

"காட்டுக்காரனுக்குத் தீபாவளிப் பலகாரமா? தொரை ஜீப்பு வந்துகிட்டு இருக்கு லா!"

"திரும்பிப் போயிடுறேன் தம்பி."

"இப்ப ஓடுனா சந்தேகப்பட்டுப் பிடிப்பானுங்க." குரலைத் தாழ்த்தினார். "வேலிக்கு வெளிய தின்னா குத்தமில்ல. நின்னு தின்னு முடிங்க. சுருக்கா!"

ஒரு ஆள் தின்று முடிக்கிற அளவா அது! எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கிராமத்துக்காரர்களிடம் சட்டியை நீட்டினேன். ஜீப் வரும் பாதையைக் கண்ணால் காட்டியதும் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டித் திரும்பிய பெண்கள் ஆளுக்கு இரண்டாக எடுத்தார்கள். ஒரு சீனக் கிழவர், "உன் பெண்டாட்டி கருக்கிவிட்டாள்" என்று மலாயில் குறை சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றார். நானும் தின்றேன். வெல்லம் வாயில் மண்ணாக இருந்தது.

கடைசித் துண்டை வாயில் போட்டபோது ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்கார அதிகாரி காலிச் சட்டியைப் பார்த்தார். என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார்.

"காலைச் சாப்பாடு, துவான்," என்றார் கான்ஸ்டபிள் மலாயில்.

அடையாள அட்டையைக் கேட்டார் அதிகாரி. நீட்டினேன். பாகு பட்ட விரல்களில் அட்டை ஒட்டிக்கொண்டது. அவர் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிக் கையசைத்தார்.

உள்ளே நாலைந்து வீடு தாண்டிய பிறகுதான் உறைத்தது: அந்தத் துண்டு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. உணவோடு வேலியைத் தாண்டிவிட்டேன். விழுங்கப் பார்த்தேன், மெல்லாத துண்டு இறங்கவில்லை. துப்பினால் காவல் கோபுரத்திலிருந்து தெரியும். மென்றால் தாடை அசைவது தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினேன்.

கொட்டிலருகே தோட்டத்து அம்மாள் சிரித்தபடி வந்து, எல்லோரும் எல்லோரையும் கேட்பதுபோல, "சாப்பிட்டாச்சா?" என்று மலாயில் கேட்டார்.

உதட்டைத் திறக்காமலே, இல்லை என்று தலையாட்டினேன்.