மெலனி என்றால் கறுப்பு

வியாழக்கிழமை பிறந்தவள் என்பதால், இங்கே பர்மிய வழக்கப்படி மகளுக்கு 'ம'வில் பெயர் தேடினேன். கேட்க அழகாக இருந்ததால் மெலனி என்று முடிவு செய்தேன். அர்த்தம் பார்க்கவில்லை.

இன்று க்யிம்யிண்டைங் சந்தையில் முகத்துக்கு அரைத்துப் பூசும் தனாக்கா கட்டை வாங்கும்போது, நாத்தனார் போனில் தேடிப் பார்த்தார்.

"கிரேக்கப் பேராம். கறுப்புன்னு அர்த்தமாம். பேரே ஒத்துக்கிச்சு பாரு."

பர்மியக் கடைக்காரிக்கும் அதை மொழிபெயர்த்தார். அவள் என் கையிலிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தனாக்கா கட்டையைச் சும்மாவே பையில் போட்டாள்.

"நல்லாப் பூசும்மா, கொஞ்சமாவது வெளுக்கட்டும்," என்றார் நாத்தனார்.

நானும் சிரித்துவிட்டேன். நான் சிரிப்பதைப் பார்த்து, மூன்று மாத மகளும் சிரித்தாள். அதுதான் இன்னும் தூங்க விடவில்லை.

நாளை பெயர் பதிய வேண்டும். மெலனிதான். மாற்றச் சொல்பவர்கள், ஃபில்டர் போடாத உங்கள் படத்தோடு வாருங்கள்.