முப்பத்தேழு மேடம்

மருத்துவமனையில் அவளுக்கு ‘முப்பத்தேழு மேடம்’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் முப்பத்தேழுதான். கர்ப்பிணி யாராவது எதிரே வந்தால் போதும், வணக்கம்கூடச் சொல்லாமல் எத்தனாவது வாரம் என்றுதான் கேட்பாள். முப்பத்தேழு வாரம் நிறைவதற்குள் பிறந்துவிட்டால் அது குறைமாதப் பிள்ளை. பிள்ளைகள் அப்படி ஏன் அவசரப்படுகின்றன என்று பதினெட்டு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது மாடியில், சலவை அறைக்கு அடுத்த அறை அவளுடையது. பக்கத்தில் இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் மேஜை நடுங்கும், கையெழுத்து கோணிக்கொள்ளும். அந்த நேரத்தில் எழுதுவதை மூடி வைத்துவிட்டுப் போனை எடுப்பாள். ஆய்வில் சேர்ந்த முன்னூறு பெண்களையும் வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு விசாரிப்பது அவள் வழக்கம்.

அப்போது ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பட்டியல் வேறொரு அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது.

அந்த ஆய்வுக்குத்தான் தையல்காரி வந்தாள். இருபத்தைந்தாவது வாரத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இது மூன்றாவது. படிவத்தை மேஜையில் தள்ளிவிட்டு, “என்னை வெச்சு சோதனை பண்ணப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா. இதுல உங்களுக்குப் பலன் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சோதனையே தேவையில்லையே.”

தையல்காரி பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் ‘சரியாயிடும், சரியாயிடும்’ என்று சொல்லி ஏமாற்றினார்கள், இந்த அம்மா ஒருத்திதான் தெரியாது என்று ஒத்துக்கொண்டாள் என்று தன் புருஷனிடம் சொன்னாளாம். அவன் பஸ் டிரைவர். இதைப் பிறகு சொன்னதும் அவன்தான்.

வாராவாரம் போனில் விசாரிக்கத் தையல்காரிக்கு ஒதுக்கியது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. இருபத்தைந்தாவது வாரம் கூப்பிட்டபோது டிரைவர்தான் எடுத்தான். “அவ எங்கே?” என்று அவசரமாகக் கேட்டாள் மேடம். “நல்லாயிருக்கா மேடம். வெளியில உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுக்கறா” என்றான். இருபத்தெட்டு போனது, முப்பத்திரண்டு போனது. முப்பத்தேழு நிறைந்த அன்று மேடம் தன் வீட்டில் அடுப்பங்கரையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கணக்கு வாத்தியாரான கணவர் எட்டிப் பார்த்தார். “தையல்காரி தாண்டிட்டா” என்றாள். அவர் உள்ளே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, இன்றைக்குத் தன் சமையல் என்றார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். பிள்ளைதான் மனசு வைக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று வாரங்கள் நகர்ந்தன; வலியைக் காணோம். ‘இரு, இரு’ என்று பதினெட்டு வருடம் பிள்ளைகளைக் கெஞ்சியவள் முதல் தடவையாக ஒரு பிள்ளையை ‘வா, வா’ என்று கெஞ்ச ஆரம்பித்தாள். டிரைவர் தலையைச் சொறிந்தான்.

“ஸ்டாப்பு வந்து மூணு வாரமாச்சு மேடம். இறங்கவே மாட்டேங்குது.”

நாற்பத்தோராவது வாரத்தில் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தார்கள். மத்தியானம் செய்தி வந்தது: பெண் குழந்தை, மூன்றே முக்கால் கிலோ. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவள் மூன்று மாடியும் படியிலேயே இறங்கி ஓடினாள்.

ஐந்து மாதம் கழித்து ஆய்வு முடிந்து பட்டியல் வந்தது. புது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தையல்காரி சாப்பிட்டது மருந்தில்லாத மாத்திரை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கத்திலும் முந்தைய வருடங்களைவிடக் குறைப்பிரசவம் குறைந்திருந்தது. அது ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தையல்காரியைத் தன் அறைக்கு வரவழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“அப்ப நாலு மாசமா நான் முழுங்கினது வெறும் மாவா அக்கா?”

“மாவுதான்மா.”

தையல்காரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மடியிலிருந்த குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது. பிறகு சொன்னாள்: “செவ்வாக்கிழமை பத்து மணிக்குப் போன் வரும்னு ஒரு தைரியம் இருந்துச்சு பாருங்க, அது மாவில்லையே.”

“அதனாலதான்னு சட்டுனு சொல்லிட முடியாது,” என்றாள் மேடம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். மேஜை நடுங்கிக்கொண்டிருந்தும் ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

புது ஆய்வில் மாத்திரையே கிடையாது, போன் மட்டும்தான். பாதிப் பேரை வாரந்தோறும் கூப்பிட்டு விசாரிப்பது, மீதிப் பேரை வழக்கமான சிகிச்சையோடு விட்டுவிடுவது. கூப்பிடும் வேலைக்குத் தையல்காரியையே சேர்த்துக்கொண்டாள். ஒருத்தியிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது விதி. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த தையல்காரி, முதல் நாள் முதல் போனிலேயே நாற்பது நிமிடம் பேசினாள். எதிர்முனையில் இருந்தவள் போனை வைக்க விடவில்லையாம்.