அதே பெயரில் சேமித்த முகம்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.30-க்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, 7 மணிக்கு முன்னறையைத் திறந்தேன். ஸ்கேனரை ஆன் செய்து பத்து நிமிடம் சூடாக விட்டேன். அன்றைய வேலை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் முப்பது வருடமாக வெட்டிச் சேர்த்த பத்திரிகைத் துணுக்குகள். மொத்தம் 38. பத்திரிகைத் தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும். அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கறுப்புத் தாளை வைத்துத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். 10.40-க்குள் 21 முடிந்திருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

பத்தொன்பது வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்தவள் நான். ஸ்டுடியோவை மூடிய பிறகு ஆறு வருடமாக வீட்டிலேயே பழைய படங்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். இதே வேலைக்கு வருகிறவர்கள் சிலர் என்னிடம் எந்த ஸ்கேனர் வாங்கலாம், துல்லியத்துக்கு எத்தனை டிபிஐ வைக்கலாம் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை.

1. பென் டிரைவ்

கஸ்தூரிக்கு நாற்பத்தைந்து வயது. ரமணாசிரமம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. அவருடைய அண்ணன் ராஜமாணிக்கம் கீழ்பென்னாத்தூரில் இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறார். கஸ்தூரிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். ஜனவரி மாதம் அந்தப் படத்தை அண்ணன்தான் என்னிடம் கொண்டுவந்தார். படத்தின் மேல் கண்ணாடியில் ஒரு விரிசல். பல வருடம் பரணில் கிடந்த ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும். அதனால் சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். 18-ஆம் தேதி படத்தைத் திரும்பச் சட்டத்தில் போட்டு, ஸ்கேனைப் பென் டிரைவில் கொடுத்தேன். முழுத் தரத்துக்கு டிஃப் ஃபைல் ஒன்று, செல்லில் பார்க்க ஜேபெக் ஒன்று.

"அக்கா, எங்கம்மா படம் உங்ககிட்ட இருக்குதா?" என்றார் கஸ்தூரி. உட்காரவில்லை.

"இல்லைங்க. முப்பது நாள்தான் வச்சிருப்பேன். அப்புறம் அழிச்சிடுவேன். போன மாசம் 17-ஆம் தேதி அழிச்சிட்டேன். பென் டிரைவ்ல இருக்குமே?"

"அதத்தான் கொண்டாந்திருக்கேன். தொறந்து பாருங்க."

கம்ப்யூட்டரில் செருகினேன். டிஃப் இல்லை. ஜேபெக் இருந்தது, நான் வைத்த அதே பெயரில். ஆனால் தேதி ஜனவரி 20. திறந்தேன்.

சிவந்த நிறத்தில், வழவழவென்று, லேசாகச் சிரிக்கும் ஒரு பெண். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெரிய கண்கள். பளிச்சென்று பல்.

"இது யாருக்கா?" என்று கேட்டார் கஸ்தூரி.

இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

2. "நல்லா இருக்குங்க"

ஜனவரி 20 அன்று ராஜமாணிக்கம் செல்லை நீட்டிக்கொண்டு வந்தார். "மா, ஒரு ஆப் இருக்குது. நீங்க குடுத்தத அதுல போட்டேன். ரெண்டே நிமிஷம். அம்மா எப்படி வந்துட்டாங்க பாருங்க" என்றார். வாசலில் இன்னொரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். நான் செல்லை வாங்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்த ஆப் எந்த முகத்தையும் சுத்தம் செய்வதில்லை. தனக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு முகத்தை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறது. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரிந்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றே அவர் வீட்டுக்குப் போய், செல்லில் வந்த முகத்தைப் பென் டிரைவில் அதே பெயரில் சேமித்திருக்கிறார். ரெண்டு படம் இருந்தால் குழப்பமாகும் என்று தங்கையிடம் காரணம் சொல்லியிருக்கிறார். டிஃப் செல்லில் திறக்கவில்லை, "கெட்டுப்போன ஃபைல்" என்று அழித்திருக்கிறார்.

"எங்கம்மாவுக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும்கா" என்றார் கஸ்தூரி. "எனக்கும் அப்படித்தான். பாருங்க." முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மைதான். இமை சற்றே இறங்கியிருந்தது. "சின்ன வயசுல எல்லாரும் என்னை அரைக்கண்ணுன்னு கிண்டல் பண்ணுவாங்க. நான் போயி அம்மா படத்த பாத்துக்குவேன். ஞாயித்துக்கிழமை அம்மா திதிக்குப் போனா, மாலை போட்டு எவளோ ஒருத்தி மாட்டியிருக்கா. எங்க அண்ணி சொல்றாங்க, 'உங்கம்மா இவ்ளோ அழகான்னு இப்பதான் தெரியுது.' நான் சாப்பிடாம எழுந்து வந்துட்டேன்."

"பழைய படம் எங்கே?"

"அதத்தான் ரெண்டு நாளா கேட்டேன். நேத்து சாயங்காலம்தான் சொல்றாரு. போன வாரம் ஹாலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சாச்சாம், கண்ணாடி விரிஞ்ச படம் வீட்ல இருந்தா ஆகாதாம். அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையில ஒரு மரத்தடியில வச்சிட்டு வந்துட்டாராம்."

இந்த ஊரில் சாமி படத்தைக் குப்பையில் போட மாட்டார்கள். கண்ணாடி உடைந்தாலோ புதுப் படம் வாங்கினாலோ, பழையதை ஏதாவது ஒரு மரத்தடியில் சாத்திவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பாவம் சேராது என்று நினைப்பு. இறந்தவர்களின் படங்களும் அங்கேதான் போகின்றன. பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பௌர்ணமிக்கு முன்னால் பாதை முழுக்கச் சுத்தம் செய்வார்கள். மரத்தடிகளையும் சேர்த்து.

துணுக்குகளை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதுவரை வேலை நடுவில் நான் எழுந்து போனதில்லை.

3. மரத்தடி

12.10-க்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். மரத்தடியில் மண் பெருக்கப்பட்டு வெறுமையாகக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அதன் நிழலில் தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி மரத்தைச் சுற்றித் தேடினார். நான்தான் போய்க் கேட்டேன்.

அதில் மூத்த பெண்மணி கையில் பிசைந்த சோற்றோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படமா? காலையில வந்து வச்சிட்டுப் போவீங்க, மத்தியானம் வந்து எங்கன்னு கேப்பீங்க. உங்க வீட்ல ஒரு ஆணி அடிக்க எடமில்ல, எங்க தலையில கட்டுறீங்க."

"தப்புதாம்மா" என்றேன்.

"தப்புன்னு சொல்லத் தெரியுதில்ல? நாங்க மட்டும் இன்னா பண்ணுவோம்? சாமி படத்தயும் ஆளு படத்தயும் குப்பை வண்டியில ஏத்த மனசு வருமா? அதோ, தண்ணிப் பந்தல் பின்னால சாத்தி வச்சிருக்கோம். போயி தேடிக்குங்க."

பந்தலுக்குப் பின்னால் சுவரோரமாக வரிசையாக இருந்தன. எண்ணினேன். 36 படங்கள். 25 சாமிகள், 11 மனிதர்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினோம். ஏழாவதாகத் திருப்பிய படத்தை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். பட்டாளத்து உடுப்பில் ஒரு பெரியவர். போன வருடம் நான்தான் ஸ்கேன் செய்தேன். ஒன்பதாவது, இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தாய். அதுவும் என் ஸ்கேனரில் கிடந்த படம்தான்.

அந்த வீட்டுக்காரர்களிடம் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "இனிமே கவலை இல்லைங்க, படம் பத்திரமா இருக்கும்." எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். அதைக் கேட்டுத்தான் அசலைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். அந்த நிமிடம் ராஜமாணிக்கத்தின் மேல் இருந்ததைவிட என் மேல் கோபம் அதிகமாக வந்தது.

கஸ்தூரியின் அம்மா கடைசிக்கு முந்தைய படமாக இருந்தார். பந்தல் குழாய் ஒழுகி, பின் அட்டை ஊறி உப்பியிருந்தது. முகம் இருந்தது. கஸ்தூரி முந்தானையால் துடைக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

4. வேன்

கஸ்தூரி செல்லில் கத்தியதில் ராஜமாணிக்கம் அடுத்த அரை மணி நேரத்தில் வேனோடு வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு கஸ்தூரி நடுரோட்ல இந்தக் கூத்து? நாலு பேரு பாக்குறாங்க."

"அம்மா மூஞ்சிய மாத்தினது நீ. கூத்து என்னுதா?"

"மாத்தல. சுத்தம் பண்ணேன். இதுல இன்னா தெரியுது? கண்ணாடி விரிஞ்சி, பாதி கறுப்பு. புதுசு லட்சணமா இருக்குது. திதி அன்னிக்கு குரூப்ல போட்டேன், நாப்பது பேரு ஹார்ட்டு விட்டாங்க. உனக்கு ஒருத்திக்குத்தான் வலிக்குது."

"நாப்பது பேரும் அம்மாவ பாத்தவங்களா?"

"நான் பாத்தவன்தானே? பதினாலு வயசு எனக்கு. உனக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மாவே நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க. இருபத்தஞ்சு வருஷமா போட்டோ வேலை பாக்கறவங்க. கேளு அவங்கள."

"சொன்னேங்க" என்றேன். "செல்ல கையில வாங்காம, சரியா பாக்காம சொன்னேன். தப்பு என்னுது. இப்ப பாத்துட்டுச் சொல்றேன். அது உங்க அம்மா இல்லைங்க. அந்த மெஷினு யாரையோ வரஞ்சி வச்சிருக்குது. நீங்க அதுக்கு மாலை போடறீங்க."

அவர் முகம் சிறுத்துவிட்டது. "நல்லா இருக்குதே" என்று இன்னொரு முறை சொன்னார். தூய்மைப் பணியாளர்கள் மூவரும் டிராக்டரில் ஏறாமல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் வேன் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார்.

கஸ்தூரி படத்தை மடியில் படுக்கவைத்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ராஜமாணிக்கம் வேனைக் கிட்டத்தட்ட நிறுத்தித்தான் ஏற்றினார். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

5. நனைந்த படம்

நனைந்த படத்தை உடனே ஸ்கேன் செய்யக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது, ஹேர் டிரையர் காட்டக்கூடாது. சட்டத்தையும் ஊறிய அட்டையையும் மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவைத்து, மின்விசிறிக் காற்றில் தானாக உலர விட வேண்டும். அதற்கு ஒரு முழு இரவு ஆகும் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். ராஜமாணிக்கம் வாசல் வரை வந்து, உள்ளே வராமலே போய்விட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நாம் கொடுப்பது நகல். வாடிக்கையாளர் கையில் பென் டிரைவைக் கொடுக்கும்போதே அசலைத் தூக்கிப் போடாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் இப்போது ஒரு தாளில் அச்சடித்தும் கொடுக்கிறேன். ஃபைலின் மேலேயே யாரும் வேறு படத்தைச் சேமிக்க முடியாதபடி அதை ரீட் ஒன்லி ஆக்கிக் கொடுக்கிறேன். ஒரு முகத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், அசலைப் பக்கத்தில் வைக்காமல் பதில் சொல்வதில்லை. அவசரமாக இருந்தால் "இன்னும் பாக்கலைங்க" என்று சொல்லிவிடலாம். நான் சொன்னதும் அதே அளவுக்குச் சின்ன வார்த்தைதான். ஒரு வீட்டில் இறந்தவரை மறுபடி இல்லாமல் ஆக்க அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் 12-ஆம் தேதி காலை 5.45-க்கு, விடுதிக்குப் போவதற்கு முன்னால் கஸ்தூரி வந்தார். படம் உலர்ந்திருந்தது. முதல் வேலையாக அதைக் கண்ணாடியோடு 1200 டிபிஐயில், எந்தத் திருத்தமும் இல்லாமல் ஸ்கேன் செய்தேன். விரிசல் கன்னத்துக்குக் குறுக்கே ஓடியது. மேலே, சற்றே இறங்கிய இமையோடு இடது கண். கஸ்தூரி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைத் தன் செல்லுக்கு அனுப்பச் சொன்னார். ஒரு வார்த்தையும் எழுதாமல் குடும்பக் குரூப்பில் போட்டார்.

6.12-க்கு முதல் பதில் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் கேட்டிருந்தாள்: "யாரு அத்தை இது?"

கஸ்தூரி செல்லை என்னிடம் காட்டினார். பிறகு நின்றபடியே பதில் எழுதி அனுப்பினார்: "உங்கப்பன பெத்தவ."