பாத்திக்கு அடியில் போட்டது

வீட்டின் பின்பக்கம் முழுக்கச் சிமெண்டுத் தரை. அதனால் ஹாலோபிளாக் கல்லை இரண்டு வரிசை அடுக்கி, உயரமாக ஒரு பாத்தி கட்டினேன். தக்காளி, புதினா, ஓரத்தில் செவ்வந்தி. வாங்கிய மண் பாதிக்குத்தான் வந்தது. நான் வேலை பார்க்கும் தறிக்கூடத்தில், கஞ்சி போட்ட பாவு நூல் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பருத்திதானே, மக்கி உரமாகிவிடும் என்று நான்கு மூட்டையை அடியில் திணித்து, மேலே மண்ணைப் பரப்பினேன்.

நாற்று தழைத்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற நாற்றமும் கிளம்பியது. புளித்துப்போன கஞ்சியும் செத்த எலியும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று சளி மாதிரி இழுத்தது. விரலில் புழு நெளிந்தது. கையை உதறினேன். மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

பாத்தியை ஒட்டித்தான் பக்கத்து வீட்டு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பெண்ணின் அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் நாறுதா? கொடலைப் புடுங்குதே!"

"லேசா..." என்றேன்.

"லேசாவா? ஒங்களுக்கு மூக்குல ஜலதோசமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்லயே திரும்பிப் போயிருவாங்க." பின்னால் திரும்பி, "ஏங்க, சாக்கடையத் தோண்டுங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்!" என்று கத்தினாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குச்சியால் சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தார். கறுப்புச் சேறு அவர் முழங்கால் வரை தெறித்தது. பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிற என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"அது சாக்கடை இல்ல. என் பாத்தி," என்றேன்.

அவர் குச்சியைக் கீழே போட்டார். "இத நேத்தே சொல்லிருந்தா நா குளிச்சிட்டுச் சும்மா இருந்திருப்பேன்லா!"

எல்லாவற்றையும் கையாலேயே அள்ளினேன். பிசுபிசுவென்று நூல் விரலெல்லாம் சுற்றிக்கொண்டது. அள்ளியதைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தேன். செடிகளும் அதோடு போயின. கல்லைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

ஞாயிறு சாயங்காலம் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் நீண்டது.

"பேசி முடிச்சாச்சு அண்ணாச்சி. கேசரி. தின்னுங்க."

நான்கு முறை சோப்புப் போட்டும் விரலிலிருந்து வாடை போகவில்லை. ஸ்பூன் கேட்டேன்.