ஒரு தாள் நுழையாத தரை

கொரட்டூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மரத்தரை வந்தபோது எனக்கு ஆறு வயது. தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. எங்களுக்கும் தேவைப்பட்டிருக்காது, பளபளவென்று டைல்ஸ் இருந்தது. அந்தப் பளபளப்பில்தான் முந்தைய மழைக்காலத்தில் அம்மா பெரிய வயிற்றோடு வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பினாள். தம்பி இப்போது வரவில்லை, அப்புறம் வருவான் என்றார்கள். ரயிலை விட்டுவிட்டான் போல என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மரத்தரை வந்தபோது அம்மாவுக்கு மறுபடியும் ஏழாம் மாதம். தரையில் ஒரு சொட்டு ஈரம் கண்டால் அப்பா தோளில் கிடக்கிற துண்டாலேயே துடைப்பார். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதுகூட நின்றுபோயிற்று.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆபீஸ்களுக்கு மரத்தரை போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடியிலிருந்து குட்டியானை வண்டியில் பலகைகளோடு வந்து இறங்கினார். முதலில் டைல்ஸ் மேல் வெள்ளையாக நுரைத்தாளை விரித்தார். மேகத்தை யாரோ சுருட்டி எடுத்து வந்த மாதிரி இருந்தது, நான் அதில் புரண்டேன். பிறகு பலகைக்குள் பலகையைக் கோத்துத் தட்டிக்கொண்டே போனார். ஆணி இல்லை, பசை இல்லை.

"இது தரையோட ஒட்டாது பாப்பா. சும்மா மேல பட்த்துகினு கீது, அவ்ளோதான்," என்றார்.

சாயங்காலம் கூடம் முழுக்கத் தேன் நிறமாகிவிட்டது. நான்கு சுவர் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து. அதை மறைக்கிற பட்டையை அடுத்த வாரம் வந்து அடிப்பதாக மாமா சொன்னார். கிளம்பும்போது அப்பாவிடம், "அந்தச் சந்துல மட்டும் கை வெக்காத மாமா. மழக்காத்து பட்டா மரம் உப்பும். அதுக்கு எடம் வோணும்," என்றார்.

அப்பா மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறையில் இருபது வருஷம் நின்றவர். இரண்டு இரும்பு சேருகிற இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது அவருக்கு வேலையே இல்லை. காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுல அவ கால்வெரலு மாட்டிகினா?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மீந்த பலகையைச் சன்னச் சன்னமாக அறுத்து, சுவரோரம் முழுக்கத் தட்டி இறக்கினார். என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மாமாவுக்கோ அடுத்த வாரமும் வேலை, அதற்கடுத்த வாரமும் வேலை.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் மர வாசனைதான் முதலில் வருகிறது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து பலகைமேல் படுத்துக்கொள்ளும், நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். காதை வைத்தால் அம்மா நடப்பது அடியிலிருந்து கேட்கும், இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற மாதிரி. ஏரிக்காற்று உள்ளே வந்து போகும். எழுந்திருக்கவே தோன்றாது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடவில்லை. ஒரு காலையில் கண் விழித்து வந்து பார்க்கிறேன், கூடத்தின் நடுவில் தரை எழுந்து நிற்கிறது. அடியில் யாரோ போர்த்திப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்ட மாதிரி. ஏறி நின்றால் அமுங்கியது, இறங்கினால் எழும்பியது. வாசலில் நின்று எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாக்கா, ஊட்டுக்குள்ளயே மலை வளக்குறீங்களா?" என்றாள். உள்ளறைக் கதவருகே வந்த அம்மா சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைக்கப் போனாள்.

"அங்கியே நில்லு," என்றார் அப்பா.

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. அம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அன்று பகல் முழுக்க அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல், சுவரோரமாக நடந்து அவளுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தார்.

மத்தியானம் மாமா வந்தார். சுவரோரம் குனிந்து பார்த்தார். "யாரு அட்ச்சது இத?"

"நான்தான்."

"சூப்பரா அட்ச்சிகீற மாமா. இரும்பா இருந்தா கை குட்த்துட்டுப் போயிருப்பேன்."

அப்பா சிரிக்கவில்லை. "அவ இன்னொரு தபா வுழுந்தான்னா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மாமா உளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அப்பா இறக்கிய ஒவ்வொரு துண்டையும் அப்பாவே நெம்பி எடுத்தார். தரை முனகிக்கொண்டே இறங்கியது. மிச்சம் இருந்த மேட்டில் நானும் மாமாவும் போய் உட்கார்ந்துகொண்டோம். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அது முழுக்கப் படுத்துவிட்டது.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் மண்டி போட்டு நான்கு காலில் தவழ ஆரம்பித்தார். ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார், அம்மா அதில் கால் வைப்பாள், பிறகு அடுத்த பலகை. யானை விளையாட்டு என்று நினைத்து நான் ஓடிப்போய் அவர் முதுகில் ஏறிக்கொண்டேன். வழக்கமாகப் பிளிறுவார், அன்று பிளிறவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. சமையலறை போய்ச் சேரும்வரை அவர் முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு கனமாக வளர்ந்துவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.