ஆரத்தி கொட்டிய சீட்

மாமாவின் புதுக் காருக்குள் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். திருமானூரிலிருந்து மீன்சுருட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு, முதன்முதலாக அந்தக் காரைக் கொண்டுவந்த அன்று அத்தையின் செருப்பும் அவள் மாமியாரின் செருப்பும் டிக்கியில் ஒரு பைக்குள் பயணம் செய்தன. சீட்டெல்லாம் சந்தன நிறத் துணி. ஷோரூமில் மாட்டித் தருகிற பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவும் அப்படித்தான் வைத்திருந்தார். சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் காருக்குப் பூஜை என்பதால் அன்று காலையில்தான் பிரித்தாராம். நேரம் என்றால் அதுதான் நேரம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும், பாதிதான் மண்டையில் ஏறும். அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை, அவள் மாமியார் வேண்டாத தெய்வம் இல்லை என்பதுவரை தெரியும். அந்த வாரம் போனில் பேசிவிட்டு வந்த அம்மா, அத்தைக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அப்பாவிடம் சன்னமாகச் சொன்னாள். நாள் எங்கே தள்ளிப் போகும் என்று நான் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லா நாளும் அதனதன் கட்டத்தில்தான் இருந்தது.

கார் வாசலில் வந்து நின்றதும் அம்மா ஆரத்தித் தட்டோடு போனாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, செக்கச் செவேலென்று ஒரு தட்டு நிறைய. மாமா முன்பக்கம் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். அவர் அம்மாவும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றார். அத்தை மட்டும் பின்சீட்டை விட்டு அசையவில்லை. அம்மா சுற்றி முடித்து, அவளுக்குப் பொட்டு வைக்கக் காருக்குள் குனிந்தாள். அத்தை இரண்டு கையாலும் தட்டை வாங்கி, தன் மடியிலேயே சாய்த்தாள். கை தவறவில்லை. அம்மாவை ஒட்டி நின்றிருந்த நான் கண்ணாரப் பார்த்தேன். செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி நிதானமாக ஊற்றினாள். புடவை, சீட்டு, காலடியில் கிடந்த கார்ப்பெட் எல்லாம் சிவப்பாகிவிட்டது.

மாமா ஓடிவந்து பார்த்தார். கத்தித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அம்மாதான் பேசினார். ஆரத்தி கொட்டுவது நல்லதுக்கில்லையே, யார் கைபட்டு இப்படி ஆச்சு என்று கேட்டார். அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

“நான்தாங்க,” என்றாள் அம்மா. “தட்ட சரியா புடிக்கல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற அம்மா அவள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின.

மாமா ஷோரூமுக்குப் போன் போட்டார். தேய்க்கவே கூடாது, ஜெயங்கொண்டத்தில் வாட்டர் வாஷுக்கு விடுங்கள் என்றார்களாம். அவர் உடனே கிளம்பப் பார்த்தார். அம்மா விடவில்லை. முதலில் எல்லாரும் சாப்பிடுங்கள், அதற்குள் கறை போகவில்லையென்றால் கொண்டுபோங்கள், நாங்கள் பார்க்காத மஞ்சள் கறையா என்றாள். அப்பா மாமாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அத்தை நனைந்த புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போய்விட்டாள்.

அம்மா முதலில் துணி சோப்பைப் போட்டாள். சிவப்பு இன்னும் சிவந்தது. அடுத்து, டயருக்கு அடியில் வைக்க வாங்கியிருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை வெட்டிப் பிழிந்தாள். சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு போய் மஞ்சளாயிற்று. கார்ப்பெட் மஞ்சளாயிற்று, சீட்டின் ஓரம் மஞ்சளாயிற்று. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மாறவே இல்லை.

“இது மட்டும் ஏன்மா மாறல?” என்று கேட்டேன்.

அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குளியலறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

“வாய மூடிக்கிட்டுப் போயி பானத் தண்ணியும் கல்லுப்பும் எடுத்துட்டு வா. யாரு கேட்டாலும் மஞ்சக் கறைன்னு சொல்லு.”

அது ரத்தம். ஆரத்தி கொட்டுவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அம்மா குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, உப்பைத் தூவி, பழந்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சோப்பைத் தொடவே இல்லை. கறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக் கொடுத்தது. உள்ளே சாம்பார் கேட்கிற குரல் வந்தது, பிறகு ரசம் கேட்கிற குரல். மோர் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

அதற்குள் அத்தையின் மாமியார் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கறை இன்னும் பாதி இருந்தது. அம்மா அப்போது ஒரு காரியம் செய்தாள். கட்டியிருந்த பட்டுப் புடவையோடு அந்த ஈரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

“என்னம்மா, போச்சா?”

“போயிடுச்சுங்க. ஈரம் எவ்வளவு இருக்குன்னு உக்காந்து பாக்குறேன்.”

அந்த அம்மா கார்ப்பெட்டைப் பார்த்தார், அம்மாவின் இரண்டு பக்கமும் தெரிந்த மஞ்சளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீதான பக்கத்துல நின்ன. உங்கம்மாவா கொட்டுனா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். பாம்பைக் கண்டால்கூடக் கம்பைத் தேடுகிறவள், பயந்து போயிருந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் அவளிடம் கண்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த அம்மா உள்ளே போனதும் அம்மா மிச்சத்தையும் எடுத்துவிட்டாள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்று நான்கு கதவுகளையும் திறந்துபோட்டாள். வெயில் தாழ்வதற்குள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வெளுத்துவிட்டது. மாமா சீட்டைத் தடவிப் பார்த்தார். ஷோரூமில் சொன்னபடி தேய்க்காமல் விட்டதால்தான் போயிற்று என்று அப்பாவுக்கு விளக்கினார்.

கோயிலுக்குக் கிளம்பும்போது, தலை சுற்றுகிறது, நான் வரவில்லை என்றாள் அத்தை. அவள் மாமியார் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. இந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும், அலையக் கூடாது என்று அவரே தலையணையை எடுத்துப் போட்டு, ஃபேனைக் கூட்டி வைத்தார். அத்தைக்குப் பதிலாக அம்மா காரில் ஏறி, அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்னை வர வேண்டாம் என்றார்கள். அத்தைக்குத் துணையாக விட்டுவிட்டுப் போனார்கள்.

கார் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழ ஆரம்பித்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை. புதுக் காரைப் பாழாக்கிவிட்டோமே, மாமா திட்டுவாரே என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“அழாதீங்க அத்தை. எல்லாம் போயிடுச்சு. நானே பாத்தேன், ஒரு சொட்டுகூட இல்ல.”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, மறுபடியும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.